மூன்று நிமிடம், தயவுசெய்து

புகழுரையை நான்தான் எழுதினேன்.
எட்டு வருடமாக நான்தான்.
ஒலுவிலில் யார் கௌரவ கலாநிதி ஆனாலும்
முதலில் என் மேசையில் ஒருமுறை
பிறந்தாக வேண்டும்.

இம்முறை மூவர்.
சம்மாந்துறை அரிசி ஆலைக்காரருக்குக்
'கொடை' என்ற சொல் பதினொரு தடவை வந்தது.
குழு அதை ஆறாகக் குறைத்தது.
லண்டன் பேராசிரியர் தனக்குத் தானே எழுதி அனுப்பியிருந்தார்,
எழுத்துப்பிழை மட்டும்தான் எனக்கு மிச்சம்.
மூன்றாவது, கமலவேணி காத்தமுத்து, தம்பிலுவில்,
ஓய்வுபெற்ற மருத்துவ மாது.
கோமாரி தொடக்கம் பாலமுனை வரை
முப்பத்தாறு வருடம், ஒரு லேடீஸ் சைக்கிள், ஒரு தொங்கு தராசு.

'ஆறாயிரம் குழந்தைகளை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தவர்'
என்று போனில் வாசித்துக் காட்டினேன்.
"நான் எங்க மனே கொண்டுவந்த?
பெத்தது அவளுகள். நான் பக்கத்தில நிண்ட."
வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் வைக்க வேறொன்றும் வரவில்லை,
'அளப்பரிய சேவை' என்று போட்டுவிட்டேன்.
அளப்பதுதான் அவருக்கு வேலை என்பது
அச்சுக்குப் போனபிறகுதான் உறைத்தது.

அன்றைக்குக் கச்சான் காற்று.
வெளியே மணல் எழும்பித் திரிந்தது.
உள்ளே கதவெல்லாம் பூட்டு, நாலு ஏசியில் ஒன்றுக்குத்தான் உயிர்.
சிவப்பு அங்கிக்குள் ஆலைக்காரர்
நெல்லாக அவிந்துகொண்டிருந்தார்.
பிரதம பேச்சாளர் நாளைய உலகம் பற்றி
நாற்பத்தொரு நிமிடம் பேசினார்,
நாளை வருமட்டும் நிறுத்தமாட்டார் போலிருந்தது.
'நேரம், ஐயா' என்று மூன்றாவது துண்டும் அனுப்பினேன்.
அதால் நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக்
கமலவேணி அம்மா
ஒரு காதை வாசல் பக்கம் கொடுத்திருந்தார்.

அவர் முறை வந்தது.
என் துண்டு அவருக்கும் போயிருந்தது:
மூன்று நிமிடம், தயவுசெய்து.
ஒலிவாங்கி உயரமாய் நின்றது, பதிக்க யாரும் வரவில்லை,
கழுத்தைப் பிடித்து அவரே இழுத்தார்.

"வெளிய ஒரு பிள்ளை அழுகுது.
பயத்தில அழுகிற அழுகை இல்ல, இது பசி.
தாய் இதுக்குள்ளதான் இரிக்கா.
எழும்பிப் போய்ப் பால் குடுத்திட்டு வா, மகள்.
பட்டம் எங்கயும் ஓடாது."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டலாமா என்று
முதல் வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.
ஏழாம் வரிசையில் ஒரு கறுப்பு அங்கி எழும்பியது.
பதினோராம் வரிசையில் இன்னொன்று.
ஒரே அழுகைக்கு இரண்டு தாய்.
யாருடைய பிள்ளை என்று
உள்ளேயிருந்து எப்படித் தெரியும்?
காவலாளி என்னைப் பார்த்தான், துணைவேந்தரைப் பார்த்தான்,
பிறகு யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்தான்.
கச்சான் நுழைந்து
மடிகளில் கிடந்த நிகழ்ச்சிநிரலையெல்லாம் புரட்டியது.

பெயர் வாசிப்பதும் நான்தான்.
நூற்றுப் பதினேழில் கதிரை வெறும்.
'சமுகமளிக்கவில்லை' என்று குறிப்பதுதான் விதி.
பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு
நூற்றுப் பதினெட்டுக்குப் போனேன்.

கடைசிப் பெயரும் முடிந்து
எல்லோரும் கீதத்துக்கு எழும்பப் பார்க்கையில்
இன்னொருமுறை ஒலிவாங்கிக்கு வந்தேன்.
"மீராமுகைதீன் றிஸ்லா பர்வின்.
புள்ளிவிபரவியல், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு."

அங்கியின் நெஞ்சில் ஈரம்,
தோள்துண்டு தலைகீழ்,
செருப்பெல்லாம் மணலாக ஏறி வந்தாள்.
வேந்தர் சான்றிதழை நீட்டினார்.
அதற்குள் பின் கதிரையிலிருந்து:

"எத்தின மாசம்?"
"மூணு."
"நிறை?"
"அஞ்சு எண்ணூறு."
"நல்லம். மத்தவட பிள்ளை?"
"அது நித்திரையாம். அழுதது எண்டதுதான்."

வேந்தரின் கை அந்தரத்தில் நின்றது.
புகைப்படக்காரர்
அதைத்தான் எடுத்திருக்கிறார்.